குளிருக்கு ஒத்திகை

மகள் போனில் சொன்னது என்னவோ நல்ல சேதிதான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் போட்டாச்சு, வர்ற மாசம் கிளம்பி வாங்க, என்கூடக் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போங்க, என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"நடுவுல ஒரு நாட்டுல இறங்கி ஏறணும்மா. காலைல இறங்குவீங்க, மறுநாள்தான் அடுத்த ஃப்ளைட். ஒரு பகல், ஒரு ராத்திரி. வடக்க, நல்ல குளிர் நாடு. அதான்மா, நம்ம மாமா இருக்கற நாடு."

சொல்லிவிட்டுப் பட்டென்று போனை வைத்துவிட்டாள். வெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டுத் தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பதில் அவள் அப்படியே அப்பனை உரித்து வைத்திருக்கிறாள்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா தையல் மெஷினிலிருந்து காலை எடுத்தாள். அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். அது நேற்றைய பேப்பர்.

அந்த அம்மாவைத் தெருவில் எல்லோரும் டெய்லரம்மா என்பார்கள். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு, சுற்றியிருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் யூனிஃபார்ம் தைக்கிறவள். ஒரு ஆளை ஏற இறங்கப் பார்த்தாலே போதும், இடுப்பு இத்தனை, தோள் இத்தனை என்று சொல்லிவிடுவாள். அவள் வீட்டுக்காரர் ஐஸ்கிரீம் கம்பெனிக் குடோனில் சூப்பர்வைசர். தெருவில் அவருக்கு "ஐஸ்" என்று பெயர். ஆள் என்னவோ தொட்டால் சுடுகிற ரகம். பெயர் வைத்தவன் ரொம்ப நாள் பழகாதவனாக இருக்க வேண்டும்.

மாமா என்று மகள் சொன்னது டெய்லரம்மாவின் ஒரே தம்பியை. அவர்களுடைய அம்மா வேலைக்குப் போன காலத்தில் இவள்தான் அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்தாள். அவன் அந்தக் குளிர் நாட்டில் பஸ் ஓட்டுகிறான். அவன் கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வீட்டில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. அக்கா மட்டும் வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு அவனுக்குப் போன் போடுவாள். பேசுகிறபோது யாராவது வந்தால், "சரிங்க மேடம், ஸ்கர்ட்டுல ரெண்டு மடிப்பு வச்சுடறேன்" என்று வைத்துவிடுவாள். தம்பியும் பழகிப்போய், "நன்றி டெய்லரம்மா" என்பான்.

அப்படி என்ன கொலைக்குற்றம் நடந்துவிட்டது என்று கேட்கிறீர்களா? சொன்னால் சிரிப்பீர்கள். ஐஸ்கிரீம் உருகிவிட்டது. அவ்வளவுதான்.

மச்சான் கல்யாணத்துக்கு ஐஸ்கிரீம் என் பொறுப்பு, யாரும் அதில் தலையிடக்கூடாது என்று ஐஸ் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தார். வண்டி வழியில் நின்றுவிட்டது. பந்தியில் அது வந்து சேர்ந்தபோது கிண்ணத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த தம்பிக்கு வாய் சும்மா இருக்குமா? "மாமா, இதுக்கு ஸ்பூன் தருவீங்களா, ஸ்ட்ரா தருவீங்களா?" என்று கேட்டுவிட்டான். பந்தி முழுக்கச் சிரிப்பு. சமையல்காரர் கூடக் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். ஐஸ் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினவர்தான். மச்சான் ஊரைவிட்டே போய், வருஷம் பன்னிரண்டு ஆகிவிட்டது. மாப்பிள்ளை முறுக்கு என்பார்கள். இவர் பழைய மாப்பிள்ளை, ஆனாலும் முறுக்கு மட்டும் புதுசு கெடாமல் இருந்தது.

இப்போது புரிகிறதா, டெய்லரம்மாவுக்கு ஏன் கால் மெஷினில் நிற்கவில்லை என்று? அவளுக்கு அந்தக் குளிர் நாட்டில் வேறொன்றும் வேண்டாம். தம்பியை ஒரே ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். அவன் இங்கே வருவதாக இல்லை. இவளாக டிக்கெட் எடுத்துத் தனியாகப் போகிற ஆளும் இல்லை. இந்த ஒரு பகலை விட்டால் போச்சு. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. அதனால் என்ன சொன்னாள் தெரியுமா?

"என்னங்க, எனக்குப் பனி பாக்கணும்."

"பாக்கலாம்," என்றார் ஐஸ், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

அவர் அகராதியில் பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். ஆனால் முடியாது என்று சொல்லவே மாட்டார். மனுஷன் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். மறுநாளே பயணத்துக்குத் திட்டம் போடுகிறேன் பேர்வழி என்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டார்.

"காலைல இறங்கறோம். முதல்ல பாத்ரூம். அப்புறம் உக்கார்றோம். ஒரு காப்பி. அப்புறம் உக்கார்றோம். மதியம் சாப்பாடு. அப்புறம் கொஞ்சம் சாஞ்சு உக்கார்றோம்."

"எங்க உக்கார்றோம்?"

"ஏர்போர்ட்டுக்குள்ளதான். வெளியாள் யாரும் உள்ள வர முடியாது. பத்திரம்."

வெளியாளாம்! டெய்லரம்மா வாயில் வைத்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். துணியைத்தான் குத்தினாள், அந்த மட்டும் பொறுமைசாலி.

"கண்ணாடி வழியா வெளிய பாத்துக்கோ. அதுல பனியும் தெரியும், ஏரோப்ளேனும் தெரியும்," என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

"கண்ணாடி வழியா பாக்கறதுக்கு நான் எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்? டிவில பாத்துக்க மாட்டேனா? நான் வெளிய போகணும்."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்தக் குளிரு உனக்கு ஆகாது. குளிருன்னா என்னன்னு என்னைக் கேளு. என் பொழப்பே குளிரு. ஃப்ரிட்ஜைத் திறந்தாலே நீ தும்மறே."

"நான் தாங்குவேன்."

"தாங்க மாட்டே."

"தாங்கிக் காட்டினா?"

இங்கேதான் ஐஸ் ஒரு தப்புப் பண்ணினார். சும்மா இருந்திருக்கலாம். தன் வாயைத் தானே கொடுத்துப் புண்ணாக்கிக்கொள்வது என்பது இதுதான். "என் குடோன்ல வந்து நில்லு," என்றார். "ஒரு வண்டிக்குச் சரக்கு ஏத்தி முடிக்கற வரைக்கும் உள்ள நில்லு. நின்னுட்டா வெளிய கூட்டிட்டுப் போறேன். எங்க வேணாலும் கூட்டிட்டுப் போறேன்."

"எங்க வேணாலும்?"

"எங்க வேணாலும்."

"வார்த்தை மாற மாட்டீங்களே?"

"நான் எப்ப மாறியிருக்கேன்?"

அது உண்மைதான். பன்னிரண்டு வருஷமாக மாறாததால்தானே இந்தக் கூத்து.

டெய்லரம்மா மறுநாளே ஒரு கோட்டு தைக்க உட்கார்ந்தாள். குடோனில் கம்பெனிக் கோட்டுகள் தொங்குகின்றன, ஒன்றைப் போட்டுக்கொள் என்றார் ஐஸ். "அங்க நடக்கும்போது எதைப் போடுவேனோ அதைத்தான் இங்கயும் போடுவேன். அடுத்தவன் தைச்ச துணியை என் உடம்புல ஏத்தினா எனக்குத் தூக்கம் வராது," என்று அடித்துச் சொல்லிவிட்டாள். மாதிரிக்கு மட்டும் ஒரு கோட்டைக் கொண்டுவரச் சொல்லி, உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தாள். வெனிலா வாசனை. உள்ளே ஏதோ பஞ்சு மாதிரி வைத்திருந்தார்கள். ஓகோ, பஞ்சுதானே என்றாள்.

அதற்கு மறுநாள் சாயங்காலம் ஐஸ் வேலையிலிருந்து வந்து அக்கடா என்று கட்டிலில் சாய்ந்தார். டங் என்று பலகையில் மண்டை இடித்தது. அவருடைய இலவம்பஞ்சு மெத்தையைக் காணோம். உறை மட்டும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"என் மெத்தை எங்கடி?"

"இடது கையில பாதி போயிருக்கு. மீதி முதுகுக்கு."

மேல்துணிக்கு அவள் காசு செலவழிக்கவில்லை. எல்லாப் பள்ளிக்கூடத்து மிச்சத் துணியும் அலமாரியில் இருந்தது. ஒரு கை மெரூன், ஒரு கை நீலம், முதுகு கட்டம் போட்டது, முன்பக்கம் காக்கி. போட்டுக்கொண்டு நின்றால் நாலு பள்ளிக்கூடம் ஒன்றாகக் கிளம்பி வருகிற மாதிரி இருந்தது. அளவெடுப்பதில் புலியான டெய்லரம்மா ஒன்றை மறந்துவிட்டாள். உடம்புக்கு அளவு எடுத்தாள், பஞ்சுக்கு அளவு எடுக்கவில்லை. கையைத் தூக்கினால் இறங்கவில்லை. இறக்கினால் தூக்க முடியவில்லை. மூக்கு அரித்தால் சொறிந்துவிடப் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் கூப்பிட வேண்டியிருந்தது. மடித்து எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது. அதனால் குடோனுக்கு அதை அணிந்துகொண்டேதான் கிளம்பினாள்.

ஆட்டோக்காரர் அவளைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "பாதிப் பாதியா ரெண்டு தடவை கொண்டுபோய் விடட்டுமா?" என்று கேட்டார். கடைசியில் கம்பெனி வேனைக் கூப்பிட்டுப் பின்கதவைத் திறந்து ஏற்றினார்கள். ஊருக்குப் போகிறபோது கையில் இருக்குமே என்று ஒரு உருளுகிற பெட்டியும் கூட வந்தது. ஒத்திகை என்றால் முழு ஒத்திகையாக இருக்க வேண்டாமா?

குடோனில் லோடர்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். அவர்களில் மூத்தவனுக்குக் கரடி என்று பெயர். வருஷம் பூரா அந்தக் கம்பெனிக் கோட்டிலேயே இருப்பான். "ஏக்கா, கால்ல ரப்பர் செருப்பு போட்டிருக்கியே?" என்றான்.

"சாக்ஸ் போட்டிருக்கேன்பா. ரெண்டு ஜோடி."

"கால்தான்க்கா முதல்ல போகும்."

"போனா போகட்டும். நான் போகமாட்டேன்."

குளிர் அறையின் கதவு சரக்குத் தள்ளுவண்டி போகிற அளவு அகலம். அதில் டெய்லரம்மா நேராகத்தான் போனாள். குளிர் வெளியே போகாமல் இருக்கக் கதவில் தொங்கவிட்டிருந்த பிளாஸ்டிக் திரையில்தான் சிக்கிக்கொண்டாள். ரெண்டு பேர் பின்னாலிருந்து தள்ள, பொத்தென்று உள்ளே போய் நின்றாள். உள்ளே மைனஸ் இருபது. வெள்ளைப் புகை. அட்டைப் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. மூக்குக்குள் இருந்த முடியெல்லாம் குச்சி குச்சியாக நின்றது. ஆனால் கோட்டுக்குள்ளே? அடேயப்பா, வேர்த்தது! இவ்வளவுதானா குளிர் என்று அவளுக்கு ஒரு இளக்காரமே வந்துவிட்டது.

ஐஸ் வெளியே தன் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, கேமரா திரையில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதோ ஓடி வருவாள், இதோ கதவைத் தட்டுவாள் என்று காத்திருந்தார். அவளோ பெட்டியை உருட்டிக்கொண்டு அடுக்குகளுக்கு நடுவே கடைவீதிக்கு வந்த மாதிரி போய்க்கொண்டிருந்தாள். வெளியே லோடர்கள் வண்டியில் சரக்கு ஏற்ற ஆரம்பித்தார்கள். சாதாரணமாக ஆமை வேகத்தில் ஏற்றுகிறவர்கள் அன்றைக்கு அக்காவுக்காகப் பறந்தார்கள். ஐஸ் தலையை வெளியே நீட்டி, "மெதுவா ஏத்துங்கடா, டப்பா நசுங்கிடும்!" என்று கத்தினார். அவர் வாயிலிருந்து மெதுவா என்ற வார்த்தையை அவர்கள் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டார்கள்.

திரும்பித் திரையைப் பார்த்தால் டெய்லரம்மா நின்றுவிட்டிருந்தாள். ஓரத்தில் ஆளுயரத்துக்கு மட்டும் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகள் முன்னால் நின்று ஏதோ பேசினாள். கையை முகத்துக்குக் கொண்டுபோக முயன்றாள், முடியவில்லை. அப்புறம் என்ன செய்தாள் தெரியுமா? அந்தப் பெட்டி அடுக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

ஐஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். குளிர் மண்டைக்கு ஏறிவிட்டால் மனுஷர்கள் கண்டதையும் செய்வார்கள் என்று அவர்தான் புது ஆட்களுக்குப் பாடம் எடுப்பார். "ஐயோ, போச்சு! என் பொண்டாட்டி போச்சு!" என்று அலறிக்கொண்டு, அரைக்கைச் சட்டையும் ரப்பர் செருப்புமாகக் குளிர் அறைக்குள் பாய்ந்தார். புது ஆட்களுக்கு அவர் எடுக்கிற முதல் பாடமே கோட்டு இல்லாமல் உள்ளே போகாதே என்பது.

பெட்டிகளுக்குப் பக்கத்தில் போனதும் அவள் குரல் கேட்டது.

"ஏன்டா இப்படி இளைச்சுப் போயிட்டே? அக்கா வந்துட்டேன் பாரு. வேளா வேளைக்குச் சாப்பிடறியா இல்லையா? ...சே, முதல்ல திட்டணும். கட்டிப் புடிச்சுட்டா அப்புறம் திட்ட வராது."

கையை விட்டுவிட்டு ரெண்டடி பின்னால் போய், பெட்டியை உருட்டிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து வந்தாள். அவளுக்கு மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. பனியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தம்பியைப் பார்த்ததும் எப்படி நிற்பது, என்ன பேசுவது என்று ஸ்ட்ராபெரி பெட்டிகளிடம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். ஐஸ் அப்படியே நின்றுவிட்டார்.

அவள் திரும்பினாள். பார்த்துவிட்டாள்.

"ஆமாங்க," என்றாள் டெய்லரம்மா. "எனக்குப் பனியும் வேணாம் ஒண்ணும் வேணாம். எனக்கு என் தம்பியைப் பாக்கணும். இந்தத் தடவை விட்டா எப்ப பாப்பேன்? செத்தாத்தான் பாப்பேனா?"

ஐஸுக்குப் பல் தந்தியடித்தது. "எ... எ... எனக்குத் தெரியும்டி."

"தெரிஞ்சுமா ஏர்போர்ட்ல உக்காரு உக்காருன்னீங்க?"

"பயமா இருக்குடி எனக்கு! நான் பாட்டுக்கு வெக்கங்கெட்டுப் போய் அவன் வாசல்ல நிக்கறேன். அவன் என்னை வாங்கன்னு சொல்லலேன்னா? உன்னை மட்டும் வா அக்கான்னுட்டு என்னைப் பாக்காம போயிட்டான்னா? அந்த ஊரு நடுரோட்டுல நான் எங்க போவேன்?"

இத்தனை வருஷம் கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது இதுதானா! அவளுக்கு அவர் மேல் ஆத்திரமும் வந்தது, பாவமும் வந்தது. கட்டிப் பிடிக்கலாம் என்று பார்த்தால் நடுவில் பஞ்சுதான் நின்றது. "வாங்க, வெளிய போய்ப் பேசலாம்," என்று காலை எடுத்து வைத்தாள். கால் வரவில்லை. கரடி சொன்னது சரிதான், கால் எப்போதோ போய்விட்டிருந்தது. ஐஸ் அவளைத் தூக்கலாம் என்று குனிந்தார். அவர் கால் இவள் காலுக்கு அண்ணனாக இருந்தது, அதுவும் நகரவில்லை.

கரடியும் இன்னும் ரெண்டு பேரும் வந்து சரக்குத் தள்ளுவண்டியிலேயே ரெண்டு பேரையும் ஏற்றி வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, அவள் கோட்டை உருவிப் போட்டு, ஐஸ்கிரீம் கலக்குகிற பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றி, நாலு காலையும் ஒன்றாக உள்ளே வைத்தான் கரடி. தொட்டி ஒன்றுதான் இருந்தது. காலுக்குச் சுரணை வரவர, நூறு ஊசி குத்துகிற மாதிரி எரிந்தது.

டெய்லரம்மா போனைக் கேட்டு வாங்கினாள்.

"யாருக்குப் போடறே?" என்றார் ஐஸ்.

"வாங்கன்னு சொல்லுவானா மாட்டானான்னு கேட்டுடலாமே."

"வேணாம்டி. சொன்னா கேளு." எழுந்து ஓடலாம் என்று பார்த்தார். தொட்டிக்குள் எது தன் கால், எது அவள் கால் என்றே தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டார். ஸ்பீக்கரில் மணி அடித்தது.

"சொல்லுங்க டெய்லரம்மா," என்றான் தம்பி.

ஐஸ் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கண்டுகொள்ளவில்லை. "டேய், அக்காதான்டா. ஒளிவு மறைவெல்லாம் இனிமே வேணாம். வர்ற மாசம் உன் ஊர் வழியாப் போறோம். ஒரு பகல், ஒரு ராத்திரி இருப்போம்."

"அக்கா! நிஜமாவா?" என்று அந்தப் பக்கம் ஒரு கத்தல். அப்புறம் குரல் தணிந்தது. "போறோம்னா... மாமாவுமா?"

"மாமாவும்தான்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதா என்று டெய்லரம்மா போனைத் தட்டினாள். ஐஸ் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் செத்துவிட்டது.

"அங்க குளிர் எவ்வளவுடா?" என்று அவளே எதையோ கேட்டு வைத்தாள்.

"மைனஸ் ரெண்டு இருக்கும்க்கா. ரொம்ப மோசமில்ல," என்றான் தம்பி, நினைப்பு எங்கேயோ இருக்கிற மாதிரி. இவர்கள் மைனஸ் இருபதில் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்! ஆனால் அப்போது அதற்குச் சிரிக்க யாருக்கும் தோன்றவில்லை. "அக்கா, ஒண்ணு கேக்கறேன். மாமா கால் என்ன சைஸு?"

"எதுக்குடா?"

"இங்க செருப்பைப் போட்டுக்கிட்டுப் பனியில நடக்க முடியாது. வழுக்கி விட்டுடும். நான் பூட்ஸு வாங்கிட்டு ஏர்போர்ட் வாசலுக்கே வந்துடறேன். உன் காலு அம்மா காலு மாதிரிதான், எனக்குத் தெரியும். மாமா காலுதான் தெரியல. தப்பான சைஸை வாங்கிட்டு வந்து நின்னா, இவன் நம்மளை மதிக்கலைன்னு நினைச்சுடப் போறாரு."

கட்டின நாளிலிருந்து அவருடைய கழுத்து, தோள், இடுப்பு, கால் எல்லாம் அத்துப்படியான டெய்லரம்மா, "எனக்கு எங்கடா தெரியும்? அவரையே கேளு," என்று சொல்லிப் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

ஐஸ் தொண்டையைச் செருமினார். இன்னொரு தடவை செருமினார்.

"எட்டு," என்றார் கடைசியில். அப்புறம் ஒரேயடியாகக் கொட்டிவிட்டார். "ஆனா முன்பக்கம் எனக்குக் கொஞ்சம் அகலம்டா. எட்டு போட்டா கடிக்கும். நீ ஒன்பதாவே வாங்கிடு."

"சரிங்க மாமா. ஒன்பது. நீங்க வாங்க மாமா, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

டெய்லரம்மா ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். வெந்நீர்ச் செம்போடு உள்ளே வந்த கரடி பதறிப்போய், "கால் ரொம்ப எரியுதாக்கா?" என்று கேட்டான்.

"ஆமாப்பா," என்றாள் அவள். பக்கத்தில் ஐஸும் தலையை ஆட்டினார், அவருக்கும் எரிந்தது.